நுனியில் மட்டும் பூக்கும் கொடி ரோஜா

காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் அப்பத்தா வீடு இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது. இரண்டரை வருடத்துக்கு முன் நர்சரியில் வாங்கி வெளிமதில் ஓரமாக நட்ட கொடி ரோஜா 12 அடிக்கு நெடுநெடுவென்று போய்விட்டது. பூப்பதோ நுனியில் நாலைந்து, அதுவும் மதிலுக்கு மேலே, தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்கு. இளம் இலைகள் மஞ்சளாகின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "அடியோடு வெட்டிவிட்டால் தழைக்கும்" என்கிறார். வருகிற தை போய் அடுத்த தையில் வீட்டில் கல்யாணம். அதற்குள் வாசல் நிறையப் பூத்திருக்க வேண்டும். என்ன செய்யலாம் அக்கா?

முதலில் அந்த அண்ணன் கையில் இருக்கும் கத்தரியை வாங்கி உள்ளே வையுங்கள் தம்பி. அவர் மேல் குறை இல்லை. செடி ரோஜாவுக்கு அவர் சொல்வது சரிதான், வருடம் ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் நன்றாகவே தழைக்கும். கொடி ரோஜா அப்படி இல்லை. இன்று கிடைக்கும் கொடி ரகங்களில் பல, ஏதோ ஒரு செடி ரோஜாவில் திடீரென்று ஒரு கிளை மட்டும் நீளமாக ஓட, அந்தக் கிளையை எடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை. வெள்ளை ஐஸ்பெர்க் 1958-ல் செடியாகத்தான் வந்தது, கொடி ஐஸ்பெர்க் பத்து வருடம் கழித்து வந்தது. இந்த மாதிரி ரகங்களை இளசிலேயே ஒட்ட வெட்டினால் கொடி குணம் போய், பழையபடி செடியாகவே நின்றுவிடும். வெட்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி ஒட்டுக்கும் அடியில் விழுந்தால் கதையே முடிந்தது. அப்புறம் முளைப்பது உங்கள் ரோஜா இல்லை, வேருக்காக வைத்த காட்டு ரோஜா.

உங்கள் செடிக்கு வியாதி ஒன்றும் இல்லை. நிமிர்ந்து நிற்கிறது, அதுதான் பிரச்சினை.

ரோஜாவைக் கொடி என்று சொல்கிறோமே தவிர, பாகல், புடலை போல அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. அவரை போலச் சுற்றிக்கொண்டும் ஏறாது. காட்டில் அது முள்ளால் பக்கத்து மரத்தைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு மேலே போகும். வெளிச்சம் கிடைக்கும் உயரத்துக்குப் போன பிறகு தன் கனத்திலேயே வளைந்து படுக்கும், படுத்த இடத்தில்தான் பூக்கும். காரணம் எளிது. தண்டின் நுனி மொட்டு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது கீழே உள்ள கணு மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. தண்டு நிமிர்ந்து நிற்கும்வரை நுனிதான் அதிகாரி. அதே தண்டைப் படுக்க வைத்தால் அந்த அதிகாரம் தளர்ந்து, ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சாண் நீளத்துக்குப் பக்கக்கிளை நிமிரும். அந்தக் கிளைகளின் முனையில்தான் பூ. இப்போது 12 அடிக் கொடியில் நாலு பூ என்றால், அதையே மதில் நீளத்துக்குக் கிடத்திக் கட்டினால் கணுவுக்கு ஒரு கொத்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முருங்கைக்கு நுனி கிள்ளுவது போல இதற்கும் கிள்ளினால் போதாதா என்று கேட்பீர்கள். கிள்ளலாம். ஆனால் வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று மொட்டு மட்டும் விழித்து, அவையும் நெட்டுக்குத்தாக ஓடும். அதிகாரி ஒருவர் போய் மூவர் வந்த கதைதான்.

படுக்க வைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பேனா கனத்தைத் தாண்டி மரமாகிவிட்ட பழைய தண்டு வளையாது. முதன்முதலில் நான் செய்தபோது விடியற்காலையில், தண்ணீர் ஊற்றிய கையோடு, மூன்று வருடத் தண்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். கரும்பு ஒடிக்கிற சத்தம். காலையில் தண்டு தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. பிற்பகல் 3 மணிக்கு மேல், வெயிலில் லேசாகத் துவண்டிருக்கும்போது செய்யுங்கள். இந்த வருடம் அடியிலிருந்து வந்த பச்சைத் தண்டுகளை முதலில் எடுங்கள். ஒரே நாளில் தரைக்குச் சமமாக்க வேண்டாம். முதல் வாரம் 60 பாகை, அடுத்த வாரம் 45, மூன்றாவது வாரம் படுக்கை என்று இறக்குங்கள். இரண்டு தண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம், விசிறி மாதிரி. மொத்தம் 4 முதல் 6 தண்டு போதும். வளையாத பழைய நெட்டைத் தண்டு ஒன்றிரண்டை இந்த வருடம் அப்படியே விடுங்கள். புதுத் தண்டுகள் ஓடி நிலைத்த பிறகு, வருடத்துக்கு ஒன்றாக அடியில் கழித்துக்கொள்ளலாம்.

கட்டுவதற்குக் கம்பி, நைலான் கயிறு இரண்டும் ஆகாது. காற்றில் அசைந்து அசைந்து தோலை அறுத்துவிடும். வாழைநார் எடுங்கள், தண்ணீரில் நனைத்து, எட்டு எழுதுவது போல ஒரு சுற்று தண்டுக்கு, ஒரு சுற்று சட்டத்துக் கம்பிக்கு (சட்டம் போடுவதைக் கீழே சொல்கிறேன்). நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். வாழைநார் சில மாதத்தில் மக்கி விழுந்துவிடுமே என்பார்கள். அதுதான் அதன் நல்ல குணம். தண்டு பருக்கும்போது கட்டு தானாகவே விட்டுக்கொடுக்கும், நீங்களும் அவ்வப்போது சட்டம் முழுக்கப் பார்த்து மறுகட்டு போட வேண்டிய கட்டாயம் வரும். பழைய வேட்டிக் கிழிசலும் நன்றாக உழைக்கும்.

எதில் கட்டுவது என்பதில்தான் நம் ஊர் வீட்டுக்கென்று தனிச் சிக்கல் வருகிறது. மதிலில் ஆணியடித்துக் கம்பி இழுக்கலாம் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். அப்பத்தா வீட்டு மதிலில் அதைச் செய்யாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரையில் துளை போடும் மிஷினை வைத்தால் அதிர்ச்சியில் பூச்சு பாளம் பாளமாகப் பிரியும். ஆணி துருப்பிடிக்கும், ஓட்டை வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போலத் தேய்த்த பூச்சை இன்று திரும்பப் போட ஆள் தேடி அலைய வேண்டும், கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. மதிலைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி, 8 அடிக் கல்லுக்கால் மூன்று நடுங்கள், இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். கல்லுக்கால் கிடைக்காவிட்டால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். 10 அல்லது 12 கேஜ் ஜி.ஐ. கம்பியைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் முதல் வரிசை, அப்புறம் அடிக்கு ஒன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள். செடியின் அடி மதிலோரமே இருந்தாலும் தண்டுகள் சட்டத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். மதிலுக்கும் இலைக்கும் நடுவில் காற்று ஓடும். சித்திரை, வைகாசியில் மதில் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொடியில் சிவப்புச் சிலந்திப்பேன் ஏறாமல் இருக்காது.

இலை மஞ்சளாவதற்கும் அந்த மதில்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் இரும்புச்சத்துக் குறை. (கீழே உள்ள முதிர்ந்த இலை மட்டும் மஞ்சளானால் அது தழைச்சத்து அல்லது தண்ணீர் விஷயம், வேறு கதை.) நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். ஆனால் நூறு வருடமாக உதிர்ந்த காரையும், பழுது பார்த்தபோது கொட்டிய சுண்ணாம்பு மண்ணும் மதிலோரம் ஒரு முழத்துக்குக் கலந்து கிடக்கும். ரோஜாவுக்கு மண்ணின் கார அமில நிலை 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்தால் அது 8-ஐத் தொடும், இரும்பு மண்ணிலேயே இறுகி வேருக்குக் கிடைக்காமல் போகும். ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உறுதி.

உடனே பச்சை திரும்ப, அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது. ஆனால் இது காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரிதான். வைத்தியம் மண்ணில் இருக்கிறது. அடித்தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மதில் இல்லாத மூன்று பக்கமும் அரை வட்டமாக இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் போலத் தோண்டி, காரை மண்ணை எடுத்துவிட்டு, வயல் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். ஒரே நாளில் மூன்று பக்கமும் தோண்டினால் செடி அதிர்ந்துவிடும். ஒரு பக்கம் இப்போது, மற்ற இரண்டும் சில வாரம் விட்டு ஒவ்வொன்றாக. சாணி மக்கியதா என்று முகர்ந்து பாருங்கள், மண் வாசனைதான் வர வேண்டும். பச்சைச் சாணி போட்டால் கரையான் வரும். ரோஜாவுக்கு வந்த கரையான் அதோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் மர நிலை, கதவுகளிலும் ஏறிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடுகிற பழக்கம் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மிச்சம் பிடிக்கிற எண்ணம் நல்லதுதான். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுக்க அதில் திரண்டிருக்கிறது. ரோஜா உப்புக்கு மிகவும் கூச்சப்படும், இலை ஓரம் கருகும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள். ரோஜாவுக்கு வளவு முற்றத்தில் (வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றம்) விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதைவிட உயர்ந்தது இல்லை. அது தீர்ந்த மாதங்களில் போர் தண்ணீர்தான் கதி என்றால், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், மூன்று நாளுக்கு ஒருமுறை 15 லிட்டர் ஒரேயடியாக விடுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கும். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே காய்ந்த இலையோ தென்னை நாரோ மூன்று அங்குலம் மூடாக்கு, அடித்தண்டைத் தொடாமல்.

சரி, வாசலுக்கு வருவோம். வாசல் வளைவில் கொடி ரோஜா என்றால் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நிஜத்தில், மாப்பிள்ளை அழைப்பு நுழையும்போது பட்டுச் சேலையும் முந்தானையும் முள்ளில் மாட்டும், தூக்கி வரும் குழந்தையின் கன்னத்தில் கீறும். 4 அடி வாசலுக்கு வளைவே வேண்டாம். அகலம் 6 அடிக்குக் குறையாமல், உயரம் 8 அடிக்குக் குறையாமல் இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள். என்னைக் கேட்டால், வாசலுக்கு இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி ஆளுக்கொரு கல்லுக்கால் நட்டு, கொடியை அதைச் சுற்றிப் பாம்பு போல ஏற்றுவேன். நேராக ஏற்றினால் மறுபடி நுனிப் பூ கதைதான். சாய்வாகச் சுற்றினால் கால் முழுவதும் கணு விழிக்கும். முகப்பில் கஜலட்சுமிச் சுதைச் சிற்பம் இருந்தால் அதன் மேல் ஒரு இலையும் படரக் கூடாது. திண்ணைத் தூணிலும் வேண்டாம், முதுகு சாய்கிற இடத்தில் முள்ளா? கொடி ரோஜாவின் அடிப்பகுதி எப்படியும் இரண்டடிக்கு மொட்டையாகத்தான் நிற்கும். அதை மறைக்க முன்னால் நித்தியகல்யாணியோ இட்லிப்பூவோ வையுங்கள், ஆனால் இரண்டடி தள்ளி.

இன்னொரு பக்கத்துக்கு ஒரு கொடி வாங்க வேண்டும் இல்லையா? ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் பூப்பது வேறு, நம் 40 டிகிரியில் பூப்பது வேறு. முள் இல்லாத பேங்ஸியா ரோஜா என்று ஆசை காட்டுவார்கள். அது இங்கே காடாக வளரும், பூக்கக் குளிர் வேண்டும், கடைசியில் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சமவெளிக்கு டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டெல்லி ஒயிட் பேர்ல், டெல்லி பிங்க் பேர்ல் இரண்டும் நம்பிக்கையானவை. கொடி ஐஸ்பெர்க்கும் தாங்கும். மஞ்சள் வேண்டுமென்றால் மார்ஷல் நீல், 1864-ல் பிரான்சில் வெளியானது, வெயிலை விரும்பும் பழைய ரகம், வாசனையும் உண்டு. அதன் பூக்காம்பு மெல்லியது, பூ தலைகுனிந்தே இருக்கும். கீழே வைத்தால் வாடியது போலத் தெரியும். தலைக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தால் நம்மைப் பார்த்துப் பூத்தது போல இருக்கும். உங்கள் மதில் காவி அடித்ததா, நீலமா என்று எழுதவில்லை. காவிக்கு முன்னால் சிவப்பு ரோஜா எடுபடாது. வெள்ளை அல்லது வெளிர் ரோஸ்தான் நிற்கும்.

இடையில் ஒரு விஷயம். நம் வீட்டுப் பர்மாத் தேக்குத் தூண் போலவே, கொடி ரோஜாவின் ரத்தத்திலும் பர்மா உண்டு. ரோசா ஜைஜான்டியா என்ற காட்டு ரோஜாவை 1880-களில் பர்மாவின் ஷான் மலையிலும் நம் மணிப்பூரிலும் வெள்ளைக்காரர்கள் கண்டு எழுதினார்கள். மரத்தின் உச்சிவரை ஏறும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ. டீ ரோஜா என்ற வாசனையுள்ள பழைய வகைக்கு அதுதான் பாட்டி முறை. கொடைக்கானலில் விரு வீரராகவன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து இதை வைத்தே வெப்பமான ஊர்களுக்கான கொடி ரோஜாக்களைப் பல வருடமாக உருவாக்கியிருக்கிறார். அந்த ரகங்கள் கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

பூச்சியைப் பற்றி நீட்டப் போவதில்லை. சிலந்திப்பேனுக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு. தண்டில் சிவப்புப் பொருக்கு போல ஒட்டியிருந்தால் செதில் பூச்சி, அந்தக் குச்சியை வெட்டிக் கொளுத்துங்கள். மயிலுக்கு என்னிடம் மருந்து இல்லை. எங்கள் வீட்டில் இளம் மொட்டை அதுதான் முதலில் ருசி பார்க்கிறது. பழைய மீன்வலை போட்டு மூடியிருக்கிறேன், பார்க்க நன்றாக இல்லை.

இனி கல்யாணக் கணக்கு. இப்போது ஆவணி. மண் வேலை, கல்லுக்கால், படுக்கை எல்லாம் புரட்டாசிக்குள் முடியட்டும். ஐப்பசி அடைமழையில் கத்தரி போடக் கூடாது, ஈரக் காயத்தில் நுனிக்கருகல் இறங்கும். வருகிற தை ஒத்திகை. பூக்கும், ஆனால் மதிலை நிறைக்காது. பூத்து முடிந்த பக்கக்கிளையை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள், படுத்திருக்கும் தாய்த்தண்டைத் தொடாதீர்கள். சித்திரை முதல் ஆனி வரை வெட்டும் இல்லை, உரமும் இல்லை, மூடாக்கும் தண்ணீரும் மட்டும். ஆடிக்காற்று அடங்கியதும் கடலைப் புண்ணாக்கு ஊறல், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை.

வெட்டியதிலிருந்து பூ விரிய நம் ஊர் மார்கழிக் குளிரில் 45-லிருந்து 50 நாள் ஆகிறது. முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தை 10 முகூர்த்தம் என்றால் கார்த்திகை 20 வாக்கில் பக்கக்கிளைகளைக் கழிக்க வேண்டும். பாதியை அன்று, மீதியை ஒரு வாரம் கழித்து. வானம் முந்தினாலும் பிந்தினாலும் ஒரு பாதியாவது கைகொடுக்கும். வெட்டு சாய்வாக, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பசையாகக் குழைத்துத் தடவுங்கள். நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், கத்தரி பெட்டகத்துக்குள் போயிருக்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ஒட்டுக்கட்டிய முண்டு எங்கே இருக்கிறது, புதுத் தண்டுகள் அதற்கு மேலிருந்து வருகின்றனவா கீழிருந்தா என்று பாருங்கள். கீழிருந்து வந்தால் அது காட்டு வேரின் போத்து, எத்தனை செழிப்பாக இருந்தாலும் கையால் பிய்த்து எடுத்துவிட வேண்டும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.